பல இழை, ஓர் ஆடை
சபையின் ஐக்கியமும் தனி விசுவாசியின் பங்கும்

ஒற்றுமையே பலம் என்பது சிறு பிள்ளைகளும் பாடம் பண்ணி ஒப்புவிக்கும் முதுமொழி. ஆயினும், ஒற்றுமையாவது யாது, அஃது எங்ஙனம் உண்டாகின்றது, அதனைக் காப்பவர் யாவர் என்று வினவப் புகின், விடை அத்துணை எளிதாய் வருவதில்லை. எல்லாரும் ஒன்றுபோல் எண்ணி ஒன்றுபோற் பேசுவதே ஒற்றுமை என்பர் சிலர். தலைவர் ஒருவர் ஆணையிட, மற்றையோர் அடங்கி நிற்பதே ஒற்றுமை என்பர் வேறு சிலர். சண்டை இல்லாதிருத்தலே ஒற்றுமை என்று மனம் அமைவாரும் உளர். கல்லறைத் தோட்டத்திலும் சண்டை இல்லை. அதனை ஐக்கியம் என்று சொல்வார் யாரும் இல்லை. ஆதலின் இச்சொல்லின் பொருளைச் சிறிது ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

நெல்லைச் சீமையின் வடமேற்கே, 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்து விளங்கும் சங்கரன்கோவில், சங்கரநாராயணர் ஆலயத்தாலும் ஆடித்தபசு விழாவாலும் பேர்பெற்ற ஊர். அது நெசவுத் தொழிலாலும் பேர்பெற்றது. இன்று விசைத்தறிகள் மிகுந்துவிட்டன. ஆயினும் கைத்தறியின் அமைப்பை ஒருமுறை கண்டவர் அதனை மறவார். பாவு நூல் நெட்டிழையாய் நீண்டு இறுகி நிற்கும். ஊடை நூல் நாடாவில் அமர்ந்து குறுக்கே இப்புறமும் அப்புறமும் ஓடும். பாவு இழைகள் எல்லாம் ஒரே திசையில் எத்துணை நெருங்கி நின்றாலும் அவை நூற்கற்றையே அன்றி ஆடை ஆகா. வேறு திசையிலிருந்து வரும் ஊடை, ஒவ்வோர் இழையின் மேலும் கீழுமாய்ப் புகுந்து செல்லும்போதே ஆடை பிறக்கின்றது. பாவிலே ஓர் இழை அறுந்துவிட்டால், பல நூறு இழைகள் உளவே, ஒன்று போனால் என் என்று நல்ல நெசவாளி விட்டுவிடுவதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடிப் பிணைத்த பின்னரே மறுபடியும் நாடாவைத் தொடுவார். விட்டுவிட்டால் துணியின் நீளம் முழுவதும் அக்குறை கோடாய்த் தோன்றும் என்பதை அவர் அறிவார்.

சபையின் ஐக்கியமும் இத்தகையதே என்பது நம் துணிபு. அது சட்டதிட்டங்களால் ஒருமுறை எழுதிக் கையெழுத்திட்டுப் பேழையில் வைத்துப் பூட்டத்தக்க பொருள் அன்று. ஒவ்வொரு விசுவாசியும் தனக்குரிய பங்கைத் தன்னை நோக்கியன்றி மற்றொருவரை நோக்கிச் செய்வதனால் நாள்தோறும் நெய்யப்படுவது. இதனை முதலில் வேதாகமத்தாலும், பின்னர் நம் நாட்டுச் சபைச் சரித்திரத்தாலும் ஆராய்ந்து, இறுதியில் நமக்கு உரிய கடமை இன்னதென்று காண முயல்வோம்.

1. கொரிந்து சபையின் இரு நோய்கள்

பரிசுத்த பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் பிளவுபட்ட ஒரு சபைக்கு எழுதப்பட்டது. அங்கே சிலர் தங்களைப் பவுலின் கட்சியார் என்றனர். சிலர் அப்பொல்லோவின் கட்சியார் என்றனர். சிலர் கேபாவின் கட்சியார் என்றனர். கர்த்தருடைய பந்தியிலேயே, வசதியுள்ளோர் முந்தி உண்டு நிறைய, ஏழைகள் பசியோடு நின்றனர். வரங்கள் குறையாத சபைதான் அது. பேச்சிலும் அறிவிலும் சிறந்திருந்தது. ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் வரத்தைக் கொடியாக உயர்த்திப் பிடித்தனரே ஒழிய, பிறர் தோள்மீது இருந்த சுமையைத் தாங்கும் கோலாக அதனைக் கொள்ளவில்லை.

இந்நோய்க்கு அப்போஸ்தலர் பன்னிரண்டாம் அதிகாரத்தில் கூறும் மருந்து, சரீரமும் அதன் அவயவங்களும் என்னும் உவமை. அதனை நாம் பலமுறை கேட்டுள்ளோம். கேட்டுக் கேட்டே அதன் கூர்மையை இழந்துவிட்டோம். அவர் ஈண்டு ஒரு நோயை அன்று, இரு நோய்களைச் சுட்டுகின்றார் என்பதை உற்று நோக்கல் வேண்டும். கால், தான் கை அல்லாமையால் சரீரத்தைச் சேர்ந்ததன்று என்று மனம் சோர்வது முதலாவது நோய். கண், கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டுவதில்லை என்று செருக்குவது இரண்டாவது நோய். ஒன்று தன்னை இகழ்தல். மற்றொன்று பிறரை இகழ்தல். சபைப் பிளவுக்குக் காரணம் செருக்கு என்று நாம் எளிதில் சொல்லிவிடுகின்றோம். செருக்குக்கு இடம் கொடுப்பது எளியோரின் சோர்வு என்பதை மறந்துவிடுகின்றோம். என்னால் ஆவது என்ன இருக்கிறது என்று நூறு பேர் கைகட்டி அமர்ந்தால்தானே, எல்லாம் என்னாலேயே ஆகின்றது என்று இருவர் மேடையேறி வழக்காட இயலும்?

பவுல் அப்போஸ்தலர் கூடாரத் தொழில் செய்தவர். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதிகளோடு கொரிந்துவில் அத்தொழிலைச் செய்தே அவர் தங்கியிருந்தார். துணியும் தையலும் எங்ஙனம் பொருந்துகின்றன என்று அவருடைய விரல்களே அறிந்திருந்தன. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தை, வெறும் பெயர்ப்பட்டியல் என்று நம்மவர் பலர் வாசியாமல் விட்டுவிடுவர். அப்பட்டியலிலேயே சபையின் ஐக்கியம் கண்கூடாகக் காணப்படுகின்றது. பலருக்கு ஆதரவாய் இருந்த பெபேயாளும், தம் வீட்டில் சபை கூட இடம் தந்த தம்பதிகளும், கர்த்தருக்குள் பாடுபட்ட பெண்மக்களும் ஆங்குப் பேர் சொல்லி நினைக்கப்படுகின்றனர். நிருபத்தைத் தம் கையால் எழுதிக்கொடுத்த தெர்தியு என்பவரும் இடையிலே தம் வாழ்த்தைச் சேர்க்க இடம் பெறுகின்றார். பேரறிஞர் போற்றும் அந்நிருபம், கேட்டு எழுதிய ஒரு கையும் இன்றி நமக்குக் கிட்டியிராது.

2. நாற்பது பேரின் அட்டவணை

இனி நம் நாட்டிற்கு வருவோம். திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்தைச் சொல்வார் பாளையங்கோட்டையையும் குளோரிந்தா அம்மையாரையும் சொல்லாமல் இரார். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த அந்தணர் குலத்துக் கைம்பெண் அவர். 1778ஆம் ஆண்டு சுவார்த்து ஐயரால் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய முயற்சியால் எழுந்த ஆலயம் 1785ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1780ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அச்சபையின் அட்டவணையில் நாற்பது பேர் காணப்படுகின்றனர். பல சாதியினரும், பல தொழிலினரும், முதியோரும் குழந்தைகளுமாக நாற்பது பேர். பின்னாளில் பல்லாயிரமாய்ப் பெருகிய ஒரு சபையின் அடித்தளம் அதுவே. அவ்வம்மையார் குருவானவர் அல்லர். சங்கத்தின் சம்பளம் பெற்றவரும் அல்லர். தம்மிடம் இருந்த பொருளையும், ஊராரிடையே தமக்கிருந்த பழக்கத்தையும் கொண்டு தம்மாலானதைச் செய்தார். பின்னர் 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் போன்றோர் வந்து தொடர்வதற்கு அதுவே வழியாயிற்று.

ஆயினும் நம் சரித்திரம் முழுவதும் ஒரே வெளிச்சம் என்று காட்டுதல் உண்மை ஆகாது. 1820ஆம் ஆண்டு பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியு ஐயர் தமிழ்ப் புலமையாலும் அயரா உழைப்பாலும் நூற்றுக்கணக்கான ஊர்களில் சபைகளை நாட்டினார். துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் அச்சமின்றி வாழ நிலம் வாங்கிக் குடியேற்றுவதற்குத் தர்ம சங்கம் என்னும் ஒரு சங்கமும் அவர் காலத்தில் ஏற்பட்டது. அத்தகையவருக்கும் அவரை அனுப்பிய சி.எம்.எஸ். சங்கத்திற்கும் திருச்சபை ஒழுங்குகளைப் பற்றிக் கருத்து வேற்றுமை முற்றி, 1835ஆம் ஆண்டு பிரிவு நேர்ந்தது. ஊர்ச் சபைகளும் உபதேசிமாரும் இரு பக்கமாயினர். 1838ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் தேதி இரேனியு ஐயர் காலமானார். அதன்பின் பிரிந்திருந்தோர் படிப்படியாய் மீண்டும் இணைந்தனர்.

இப்பிரிவில் யார் பக்கம் நீதி என்று தீர்ப்புச் சொல்வது நம் நோக்கம் அன்று. நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. மேலோர் நடுவே உடன்பாடு முறிந்த காலத்திலும், சிற்றூர்களில் ஜெபங்கள் நடந்தன, பிள்ளைகள் எழுத்துக் கற்றனர், நோயாளிகள் விசாரிக்கப்பட்டனர், மரித்தோர் அடக்கம் பண்ணப்பட்டனர். கீழேயுள்ள இந்த இழைகள் அற்றுப் போகாதிருந்தமையாலன்றோ, மேலேயுள்ள கிழிசலைப் பின்னர்த் தைக்க முடிந்தது? பிணைப்பதற்கு முனை ஏதும் எஞ்சியிராவிடில், எத்துணைத் திறம்வாய்ந்த நெசவாளியும் யாது செய்வார்?

3. தெற்கு வடக்கைத் தாங்கியது

சங்கரன்கோவில் வட்டாரத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு செய்தியை ஈண்டுக் கூறுவோம். 1910ஆம் ஆண்டு இராமநாதபுரம் ஜில்லா அமையும் வரையில், சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளும் சங்கரன்கோவில் பகுதியும் திருநெல்வேலி ஜில்லாவின் வடபாகமாய் ஒன்றாய் இருந்தன. தென்பாகத்தில் சபைகள் செழித்திருந்த காலத்தில், கரிசல் மண் பரந்த இவ்வடபாகத்தில் கிறிஸ்தவர் மிகச் சிலரே. கேம்பிரிட்ஜில் கல்விச் சிறப்புப் பெற்ற இராக்லாந்து ஐயர், சென்னையில் வகித்த காரியதரிசி பதவியை விட்டு, 1854ஆம் ஆண்டு இப்பகுதியில் கூடாரம் அடித்து ஊர் ஊராய்ச் சுற்றும் ஊழியத்தைத் தொடங்கினார். பென், மெடோஸ் என்னும் இருவர் அவருக்குத் துணையாயினர். நான்கே ஆண்டுகளில், 1858ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22ஆம் தேதி, இராக்லாந்து ஐயர் சிவகாசியில் உயிர் நீத்தார்.

அவருடைய தியாகத்தைப் பலரும் அறிவர். ஆனால் அவ்வூழியத்தின் மற்றொரு பாகத்தை நினைப்பவர் சிலரே. தெற்கேயுள்ள சபைகள் தம் உபதேசிமாரை முறைவைத்து வடக்கே அனுப்பின. அச்செலவைத் தாமே ஏற்றன. தேரிக்காட்டுப் பனைகளின் நடுவே வாழ்ந்த மக்கள், தாம் கண்டிராத கரிசற்காட்டு மக்களுக்காகத் தம் உபதேசியாரைச் சில காலம் பிரிந்திருக்க உடன்பட்டனர் என்பது இதன் பொருள். போனவர் வெயிலில் நடந்தார். போகாதவர் காணிக்கை கொடுத்தார். போனவர் விட்டுச்சென்ற வேலையை மற்றொருவர் பார்த்துக்கொண்டார். முறை முடிந்து திரும்பியவர் வாயிலாகத் தெற்கத்தியார் வடக்கத்தியாரைப் பற்றிக் கேட்டறிந்தனர். இரு நாட்டாரும் ஒரு சபையார் ஆனது எந்தத் தீர்மானத்தினாலும் அன்று. இவ்வாறு பங்குகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதனாலேயே ஆம்.

4. பிடியரிசியின் வலிமை

தமிழ்நாட்டுச் சபைகளில் நெடுங்காலமாய் வழங்கிவரும் ஒரு வழக்கம் பிடியரிசிக் காணிக்கை. வீட்டுத் தலைவி உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் சேர்த்து வைப்பாள். வாரந்தோறும் அது திரட்டப்பட்டுக் கடவுளுடைய பணிக்கு ஆகும். ஒரு பிடி அரிசியால் ஒருவரும் ஏழையாவதில்லை. அதனால் ஒரு சபையும் செல்வமுடையதாவதில்லை என்று கணக்கறிந்தோர் சொல்லக்கூடும். ஆனால் அப்பிடியை எடுக்கும் பெண், தன் வீட்டு உலையை மட்டும் நினையாமல் பொதுக் காரியம் ஒன்றையும் நாள்தோறும் நினைக்கின்றாள். பண்டிகைக்கு ஒருமுறை பெருந்தொகை கொடுத்துக் கல்வெட்டில் பேர் பொறிப்பவருக்கு இந்நினைவு வாய்ப்பது அரிது.

இத்தகைய சிறு காணிக்கைகளையும் சிறு மக்களையும் நம்பியே, 1903ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. பனைத்தொழிலாலும் உழவாலும் வாழ்ந்த நாட்டுப்புறச் சபையாரின் பொருளால், மொழி வேறுபட்ட தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் என்னும் ஊரில் ஊழியம் தொடங்கப்பட்டது. அச்சங்கத்தை நிறுவியோருள் முதன்மையானவர், வெள்ளாளன்விளையில் ஒரு சிற்றூர்க் குருவானவரின் மகனாய் 1874இல் பிறந்த வே. ச. அசரியா. 1909இல் அவரே தோர்ணக்கலுக்கு மிஷனெரியாகச் சென்றார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார்.

பங்கு என்பது அருகில் இருப்போருக்கு மட்டுமே உரியது என்று நினைத்தலும் தவறு. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் பெயராய் விளங்கும் சாராள் தக்கர் அம்மையார் இந்தியாவைக் கண்டதே இல்லை. உடல் நலம் குன்றிய நிலையில் இங்கிலாந்தில் இருந்தபடியே, இந்நாட்டுப் பெண்களின் கல்விக்காக எழுதியும் நண்பரைத் தூண்டியும் பொருள் திரட்டியும் வந்தார். படுக்கையில் இருப்போர்க்கும் ஒரு பங்கு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

5. தரங்கம்பாடி முதல் சென்னை வரை

தென்னிந்தியத் திருச்சபை உருவான வரலாற்றைப் பெரியோர் கூடிச் செய்த பெருஞ்செயல் என்றே நூல்கள் கூறும். 1919ஆம் ஆண்டு மே மாதம் முதல் இரு நாட்களில் தரங்கம்பாடியில் முப்பத்துமூன்று குருமார் கூடினர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். 1706இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய அவ்வூரிலே, அந்நிய நாட்டுச் சண்டைகளின் விளைவாகிய பிரிவுகளை நாம் ஏன் சுமக்கவேண்டும் என்று எண்ணி, ஐக்கியத்திற்கு அழைப்பு விடுத்தனர். அத்தியட்சர் அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த சந்தியாகு ஐயரும் அவர்களுள் முன்னின்றவர். பின்னர் இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சு நடந்தது. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27ஆம் தேதி, சென்னையில் பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் சபையாரும், மெதடிஸ்டு சபையாரும், பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் முன்னரே சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒரே திருச்சபையாயினர்.

அசரியா அந்நாளைக் காணவில்லை. 1945ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியே அவர் காலமானார். இதனை நினைக்கும்போது நம் உள்ளம் உருகுகின்றது. ஆயினும் தம் பங்கைச் செய்தவர் அதன் பலனையும் தாமே காணவேண்டும் என்னும் நியதி இல்லை. நாடாவிற்குள் இருக்கும் தாரில் நூல் தீர்ந்ததும் நெசவாளி வேறு தாரை இடுகின்றார். தீர்ந்த தாரின் நூல் வீணாயிற்று என்போமோ? அஃது ஆடையிலே இருக்கின்றது.

மற்றொன்றும் கூறுவோம். 1910ஆம் ஆண்டு எடின்பரோ மாநாட்டில் அசரியா மேனாட்டாரை நோக்கி, உங்கள் கொடையும் தியாகமும் மெய்யே, ஆயினும் எங்களுக்குக் குறைவாய் இருப்பது நட்பு என்னும் கருத்துப்படப் பேசினார். கொடுப்போரும் பெறுவோரும் என்ற நிலையில் எத்துணை நன்மை நடந்தாலும் அஃது ஐக்கியம் ஆகாது என்பதே அதன் உட்பொருள். பங்கு என்ற சொல்லுக்குக் கொடுத்தல் மட்டுமே பொருள் அன்று. பிறருடைய பங்கைப் பெற்றுக்கொள்ளும் தாழ்மையும் அதில் அடங்கும்.

6. ஒரு சிற்றூரில் கண்டது

சங்கரன்கோவிலுக்கு அண்மையில் உள்ள ஒரு சிறு சபையில் நாம் நேரில் அறிந்த ஒன்றைச் சொல்ல விரும்புகின்றோம். நாற்பது வீடுகளுக்கு மேற்படாத சபை அது. அங்கே ஒரு மூதாட்டி இருந்தார். எழுத்தறியார், சங்கத்தில் அங்கத்தினர் அல்லர். ஞாயிறுதோறும் விடியுமுன் ஆலயத்தைப் பெருக்கிப் பாய் விரிப்பார். முதல் மணி அடித்தபின், வீடு வீடாய்ச் சென்று வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லி அழைப்பார். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் மகனிடமிருந்து கடிதம் வரவில்லை என்பதெல்லாம் அவர் வாயிலாகவே போதகருக்குத் தெரியும். ஒரு வேலித் தகராற்றினால் அவ்வூரில் இரு குடும்பத்தார் பல ஆண்டுகளாய் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஆலயத்திலும் அவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். ஆயினும் இரு வீட்டு வாசலிலும் அம்மூதாட்டி நிற்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் நோயுற்றுப் படுக்கையில் விழுந்தார். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் தூசி படிந்திருந்தது, பாய் விரிக்கப்படவில்லை, வந்தோர் தொகையும் குறைந்தது. யாதோ ஒன்று குறைகின்றது என்று எல்லாரும் உணர்ந்தனர். அஃது இன்னதென்று மூன்றாம் வாரத்திலேதான் தெளிந்தனர். பகைத்திருந்த இரு வீட்டுப் பெண்களும் தனித்தனியே அவருக்குக் கஞ்சி கொண்டு செல்லத் தொடங்கினர். ஒரு நாள் இருவரும் ஒரே வேளையில் அக்குடிசையினுள் நிற்க நேர்ந்தது. அம்மூதாட்டி, இருவர் கஞ்சியையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றச் சொன்னார். அவர்கள் ஊற்றினர்.

வேலித் தகராறு அன்றே தீர்ந்துவிட்டதென்று நாம் கதை கட்டமாட்டோம். அது தீர இன்னும் காலம் பிடித்தது. ஆனால் அன்று முதல் அவ்விரு வீட்டாரும் முறைவைத்து ஆலயத்தைப் பெருக்கினர். ஒருவர் முறை எது, மற்றவர் முறை எது என்று தெரிந்துகொள்ளப் பேசவேண்டியதாயிற்று. ஒரு துடைப்பத்தின் பொருட்டு மீண்டும் தொடங்கிய பேச்சு அது. இவ்வூரில் ஐக்கியத்தைக் காத்தவர் யார் என்று கேட்டால், நாம் சங்கத் தலைவர் பெயரைச் சொல்லோம்.

7. ஐயமும் விடையும்

இங்கே ஒருவர் தடை எழுப்பக்கூடும். ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு என்று சொல்லப் போய்த்தானே சபைகளில் பதவிப் போட்டி பெருகுகின்றது? பாடகர் குழுவில் முதலிடம் யாருக்கு, பாடம் வாசிப்பவர் யார், கணக்குப் பெட்டி யார் கையில் என்று வழக்குகள் மூள்கின்றன. தேர்தல் காலத்தில் சகோதரர்கள் கட்சிக்காரர் ஆகின்றனர். சில வேளை நியாயஸ்தலம் வரையிலும் செல்கின்றனர். ஆகவே பங்கைக் குறைப்பதன்றோ ஐக்கியத்திற்கு வழி என்பது அவர் கூற்று.

இத்தடை மெய்யான நோவிலிருந்து பிறந்தது. அதனை நாம் தள்ளிவிடோம். ஆயினும் பதவி வேறு, பங்கு வேறு. பதவி ஒருவருக்குக் கிடைத்தால் மற்றொருவருக்குக் கிடையாது. பங்கோ ஒருவர் செய்வதால் மற்றொருவருக்குக் குறைவதில்லை. பதவிக்கு வேட்பாளர் பலர்; நோயாளியின் அருகே இரவில் விழித்திருக்கும் பணிக்கு வேட்பாளரைத் தேடவேண்டியிருக்கின்றது. ஆதலின் ஒரு செயல் பதவியோ பங்கோ என்று அறிய எளிய உரைகல் ஒன்றுண்டு. நான் இதனைச் செய்வதால் எந்த இருவர் நெருங்கி வருகின்றனர் என்று கேட்பதே அது. ஒருவரும் நெருங்கி வரவில்லையாயின், அச்செயல் எத்துணை விளக்கமாய் நடந்தாலும் அது தனி நூலாய்த் தொங்குவதேயாம்.

சாதி வேற்றுமையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லவேண்டும். பாளையங்கோட்டையின் முதல் அட்டவணையில் பல சாதியார் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய் எழுதப்பட்டன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், பெண் கொடுத்தல் கொள்ளலிலும், சில ஊர்களில் கல்லறை நிலத்திலும், அவ்வட்டவணையின் ஒழுங்கை நாம் எட்டினோம் என்று சொல்ல நா எழவில்லை. அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றோம். அது நல்ல அடையாளம். ஆனால் பந்தி முடிந்து கை கழுவும்போது அவ்வடையாளத்தையும் கழுவிவிடுதல் கூடாது. இதிலே சட்டம் செய்யக்கூடியது சிறிது. மணப்பேச்சு நடக்கும் திண்ணையில் இருக்கும் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது பெரிது.

8. மாணவர்க்கு ஒரு வார்த்தை

இம்மலரை வாசிக்கும் மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் சிற்றூர்ச் சபைகளிலிருந்து வந்தவர்கள். உங்களை இங்கு அனுப்பியதில் உங்கள் பெற்றோருக்கு மட்டும் அன்றி, உங்களுக்காக ஜெபித்த ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கும், பிடியரிசி எடுத்து வைத்த தாய்மாருக்கும் பங்குண்டு. கல்வி பெற்றபின் நம்மவர் பலர் விடுமுறைக்கு ஊருக்குச் சென்று, ஆலயத்தின் கடைசி வரிசையில் விருந்தாளிபோல் அமர்ந்து, பாட்டுச் சரியில்லை, பிரசங்கம் நீளம், கணக்கில் ஒழுங்கில்லை என்று குற்றம் கண்டு திரும்புகின்றனர். குற்றங்கள் மெய்யாயிருக்கலாம். ஆயினும் அறுந்த இழையைக் கண்டவர் அதனைச் சுட்டிக்காட்டிப் போவதால் துணி நேராகாது. கண்டவரே குனிந்து முடிச்சிடவேண்டும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கைக்கொண்டு செல்லுங்கள். முதலாவது, என் சபையில் ஒருவரும் செய்யாது கிடக்கும் வேலை எது? இரண்டாவது, நெடுநாளாய் ஒருவரும் கவனியாதபடி ஒரு வேலையைச் செய்துவருபவர் யார்? அவருக்கு நான் நன்றி சொன்னதுண்டோ? மூன்றாவது, என்னோடு பேசாதிருக்கும் ஒருவரோடு சேர்ந்து நான் செய்யக்கூடிய பணி எது? முதற் கேள்வி சோம்பலை நீக்கும். இரண்டாவது செருக்கை நீக்கும். மூன்றாவது பகையை நீக்கத் தொடங்கும்.

பழைய மாணவர்களாகிய பெரியோர்களுக்கும், உடன் ஆசிரியர்களுக்கும் இவ்வார்த்தை பொருந்தும் என்றே எண்ணுகின்றோம். எழுதும் நமக்கும் அது பொருந்தும். 1947ஆம் ஆண்டு சென்னையில் நெய்யப்பட்ட ஆடையை நாம் மரபுரிமையாய்ப் பெற்றுள்ளோம். பெற்ற ஆடையைப் பெட்டியில் மடித்து வைத்துப் பெருமை பேசினால் அது மடிப்பிலேயே இற்றுப்போகும். தறியிலே இன்னும் பாவு நிற்கின்றது. ஊடை நம் கையில் இருக்கின்றது. அவரவர் இழையை அவரவர் ஓட்டுவோமாக. அருகிலுள்ள இழை அறுந்தால் தறியை நிறுத்திப் பிணைப்போமாக. அங்ஙனம் செய்யும் சபையில் பெரியது சிறியது என்னும் பேச்சு தானே ஒடுங்கும். எல்லாரையும் ஒருவராக்கும் அன்பு மேலோங்கும்.